மருந்து பிறந்த நாளும் மக்களைச் சேர்ந்த நாளும்

1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் ஜெரோம் ஹோர்விட்ஸ் என்ற இரசாயனவியலாளர் புற்றுநோய்க்கென ஒரு சேர்வையை ஆக்கினார். புற்றுநோய்க் கலங்கள் பெருகுவதை அது தடுக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. எலிகளிற் சோதித்தபோது பயன் எதுவும் தெரியவில்லை. காப்புரிமைகூடப் பெறாமல் அதனை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் வேறு வேலை பார்க்கச் சென்றார். அரசாங்கப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி அது. 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கவனிப்பாரற்றுக் கிடந்த அந்தச் சேர்வையே பின்னர் ஏ.இசட்.ரி. என்ற பெயரோடு எச்.ஐ.வி. தொற்றுக்கு உலகம் கண்ட முதல் மருந்தாயிற்று. 1987 மார்ச்சில் அது அங்கீகாரம் பெற்று விற்பனைக்கு வந்தபோது, நோயாளி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு ஏறக்குறைய 10,000 அமெரிக்க டொலர்.

எச்.ஐ.வி. மருந்தாராய்ச்சியின் வரலாற்றைக் கூர்ந்து நோக்குவோருக்கு, இந்த முதல் அத்தியாயத்திலேயே அதன் முழுக் கதையும் அடங்கியிருப்பது புலனாகும். ஆய்வுகூடத்தில் ஒரு மருந்து பிறக்கும் நாளுக்கும், அது ஏழை நோயாளி ஒருவரின் கையில் வந்து சேரும் நாளுக்கும் இடையே ஆண்டுகள் பல கழிகின்றன. அந்த இடைவெளியில் இறந்துபோனவர்களை மருந்தில்லாத நோயால் இறந்தவர்கள் என்று கூறிவிட முடியாது. மருந்து இருந்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு இரு தடவை போட்டுக்கொண்டால் தொற்றையே தடுத்துவிடும் ஊசி மருந்தொன்று வந்துள்ள இவ்வேளையில், அந்த இடைவெளியின் வரலாற்றை நினைவுகூர்வது அவசியமாகின்றது.

கொக்கியில்லாத கண்ணி

1981 யூன் 5 ஆம் நாள், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தின் வாராந்த அறிக்கையில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து இளைஞர் ஐவருக்கு அபூர்வமான ஒருவகை நியூமோனியா கண்டிருப்பதாகக் குறிப்பொன்று வெளியாயிற்று. அதுவரை நல்ல தேகாரோக்கியத்துடன் இருந்த அவர்களின் நோயெதிர்ப்புச் சக்தி ஏன் அழிந்தது என்பது எவருக்கும் விளங்கவில்லை. 1983 இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் பிரான்சுவாஸ் பாரே-சினூசி, லுக் மொன்ரானியே ஆகியோரின் குழுவினர் அதற்குக் காரணமான வைரசைப் பிரித்தெடுத்தனர். அக்கண்டுபிடிப்புக்காக 2008 இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வைரசு நம் உடலின் காவற்படையை நெறிப்படுத்தும் வெண்குருதிக் கலங்களையே தேடிப் புகுகின்றது. ஆர்.என்.ஏ. வடிவில் உள்ள தன் மரபுச் செய்தியை டி.என்.ஏ. வடிவில் மாற்றி எழுதி, அதனைக் கலத்தின் மரபணுக்களோடு இணைத்துவிடுகின்றது. அதன்பின் அக்கலம் உடலுக்காக உழைப்பதை விட்டு வைரசுக்காக உழைக்கத் தொடங்கும். மாற்றி எழுதும் வேலையைச் செய்வது வைரசு தன்னோடு கொண்டுவரும் நொதியம் ஒன்று. அந்த நொதியம் கண்ணி கண்ணியாகக் கோத்துச் சங்கிலி பின்னுகின்றது. ஏ.இசட்.ரி. அக்கண்ணிகளில் ஒன்றைப் போலவே தோற்றமளிக்கும். ஆனால் அடுத்த கண்ணியை மாட்டுவதற்கான கொக்கி அதில் இல்லை. அது சங்கிலிக்குள் புகுந்ததும் பின்னல் அங்கேயே நின்றுவிடும்.

1985 இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் அனுப்பிய சேர்வைகளை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் சாமுவேல் புரோடர், ஹிரோஆக்கி மிட்சூயா ஆகியோர் சோதித்தபோது ஏ.இசட்.ரி.யின் இந்த ஆற்றல் வெளிப்பட்டது. மறு ஆண்டு 282 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு மருந்து. மறு பகுதியினருக்கு வெறும் குளிசை. செப்டெம்பரிற் கணக்குப் பார்த்தபோது வெறும் குளிசை பெற்றோரில் 19 பேர் இறந்திருந்தனர். மருந்து பெற்றோரில் ஒருவரே இறந்திருந்தார். ஆய்வு இடைநடுவில் நிறுத்தப்பட்டு, அனைவருக்கும் மருந்து கொடுக்கப்பட்டது.

அம்மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. இவ்வைரசு தன்னைப் படியெடுக்கும்போது ஏராளமான பிழைகளை விடுகின்றது. அப்பிழைகளிற் சில, மருந்துக்கு அடங்காத புதிய வைரசுகளைத் தோற்றுவிக்கின்றன. நோயின் அறிகுறி தோன்றும் முன்பே ஏ.இசட்.ரி.யை மட்டும் கொடுப்பதால் ஆயுள் நீளவில்லை என்று பிரித்தானியாவும் பிரான்சும் சேர்ந்து நடத்திய கொன்கோர்ட் ஆய்வு 1993 இல் அறிவித்தபோது, நோயாளிகள் பலர் மனமுடைந்தனர். 1994 இல் வந்த செய்தி ஒன்றே ஆறுதலளித்தது. கருவுற்ற தாய்மாருக்கும் பிறந்த குழந்தைக்கும் இம்மருந்தைக் கொடுத்தபோது, குழந்தைக்குத் தொற்றும் வீதம் 25.5 இலிருந்து 8.3 ஆகக் குறைந்தது.

தெருவுக்கு வந்த நோயாளிகள்

எந்த நோயின் வரலாற்றிலும் காணாத புதுமையொன்று இக்காலத்தில் நிகழ்ந்தது. ஆராய்ச்சி எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பதை நோயாளிகளே கேள்விக்குட்படுத்தினர். 1987 இல் நியூயோர்க்கில் உருவான அக்ட் அப் என்ற அமைப்பைச் சேர்ந்தோர், 1988 ஒக்டோபரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தலைமையகத்தை முற்றுகையிட்டனர். மருந்துகளை அங்கீகரிக்க ஆண்டுக்கணக்காகும் நடைமுறை, மாதக்கணக்கிலேயே வாழ்நாள் எஞ்சியிருப்போருக்குப் பொருந்தாது என்பது அவர்களின் வாதம். 1989 செப்டெம்பர் 14 ஆம் நாள் அவர்களிற் சிலர் நியூயோர்க் பங்குச் சந்தைக்குள் நுழைந்து, மருந்தின் விலையைக் கண்டிக்கும் பதாகையை விரித்தனர். சில நாட்களில் நிறுவனம் விலையை 20 வீதத்தால் குறைத்தது.

இவர்களிற் பலர் வைரசியலையும் புள்ளிவிபரவியலையும் தாமாகவே கற்று, விஞ்ஞானிகளோடு ஒரே மேசையில் அமர்ந்து ஆய்வுத் திட்டங்களைத் திருத்தினர். தாம் போராடிய மருந்து வந்து சேருமுன்பே அவர்களிற் பலர் இறந்துபோயினர்.

1996 யூலையில் வன்கூவர் நகரில் நடைபெற்ற அனைத்துலக எயிட்ஸ் மாநாடு இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். வைரசின் புரதங்களை அளவாக வெட்டிக் கொடுக்கும் இன்னொரு நொதியத்தை முடக்கும் மருந்துகள் அதற்குச் சற்று முன்னரே வெளிவந்திருந்தன. பழைய மருந்துகள் இரண்டோடு இவற்றில் ஒன்றையும் சேர்த்து ஒரே சமயத்திற் கொடுத்தபோது, குருதியில் வைரசு கண்டறிய முடியாத அளவுக்கு அருகியது. இதன் தர்க்கம் எளிது. ஒரு மருந்திலிருந்து தப்புவதற்கு வைரசுக்கு ஒரு பிழை நேர்ந்தாற் போதும். மூன்றிலிருந்தும் ஒரே வேளையில் தப்புவதற்குத் தேவையான பிழைகள் அத்தனையும் ஒருங்கே நேர்வது மிக அரிது. 1997 இல் அமெரிக்காவின் எயிட்ஸ் மரணங்கள் முந்திய ஆண்டினும் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்தன. சாவுக்கு ஆயத்தமாகி உடைமைகளை விற்றுவிட்டவர்கள் எழுந்து நடந்தனர். இறந்து நான்காம் நாள் கல்லறையிலிருந்து எழுந்த லாசருவின் பெயரால் வைத்தியர்கள் இம்மாற்றத்தை அழைத்தனர்.

வடக்கில் மருந்து, தெற்கில் நோய்

இம்மூன்று மருந்துகளுக்கும் ஆண்டுக்கு 10,000 டொலருக்கு மேல் தேவைப்பட்டது. நோயாளிகளிற் பெரும்பாலோர் வாழ்ந்ததோ ஆபிரிக்காவில். அங்கு நாள் முழுதும் உழைத்தாலும் ஒரு குளிசைக்குக் காணாது. 1997 இல் தென்னாபிரிக்க அரசு மலிவான மருந்துகளைத் தருவிக்க இடமளிக்கும் சட்டமொன்றை இயற்றியது. மறு ஆண்டே மருந்து நிறுவனங்கள் அரசுக்கெதிராக வழக்குத் தொடுத்தன. வழக்காடிய நிறுவனங்களின் எண்ணிக்கை 39. 2000 ஆம் ஆண்டு டேர்பன் நகரில் நடந்த மாநாட்டில், பிறப்பிலேயே தொற்றுக்குள்ளான 11 வயதுச் சிறுவன் இன்கோசி ஜோன்சன் மேடையேறி, கருவுற்ற தாய்மாருக்கு ஏ.இசட்.ரி. கொடுக்குமாறு தன் நாட்டு அரசிடம் கேட்டான். மறு ஆண்டு அவன் இறந்தான்.

நியாயம் இரு பக்கமும் கேட்கப்பட வேண்டும். ஒரு மருந்து வெற்றி பெறுவதற்கு முன் பல மருந்துகள் தோற்கின்றன. அத்தோல்விகளின் செலவையும் வெற்றி பெற்றதன் விலையே ஈடுசெய்ய வேண்டும். காப்புரிமை இல்லையேல் முதலீடு இல்லை என்று நிறுவனங்கள் கூறின. இதில் உண்மை இல்லாமலில்லை. எனினும், வாங்கவே முடியாத ஒருவருக்கு மருந்தை மறுப்பதால் நிறுவனத்துக்கு எந்த இலாபமும் கிடைப்பதில்லை என்பதும் அதே அளவு உண்மை. அத்துடன், ஏ.இசட்.ரி.யின் பிறப்பு காட்டுவது போல, ஆராய்ச்சியின் முதற் படிகளுக்குப் பணம் கொடுத்தது பொதுமக்களின் வரியே.

முடிச்சை அவிழ்த்தது இந்தியா. 1970 இல் இயற்றப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டம், மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமை வழங்கியதேயன்றி மருந்துக்கு உரிமை வழங்கவில்லை. வேறொரு முறையில் அதே மருந்தைச் செய்ய இந்திய நிறுவனங்களுக்குத் தடையிருக்கவில்லை. 2001 பெப்ரவரியில் மும்பாயின் சிப்லா நிறுவனத்தின் தலைவர் யூசுப் ஹமீது, எல்லைகளற்ற வைத்தியர்கள் அமைப்புக்கு மூன்று மருந்துகளையும் சேர்த்து ஆண்டுக்கு 350 டொலருக்குத் தர முன்வந்தார். இரண்டு மாதங்களில் அந்த 39 நிறுவனங்களும் தென்னாபிரிக்க வழக்கைக் கைவிட்டன. அவ்வாண்டு நவம்பரில் டோகா நகரிற் கூடிய உலக வர்த்தக அமைப்பின் நாடுகள், பொதுமக்களின் சுகாதாரத்தைக் காக்க வேண்டிய இடத்தில் காப்புரிமை தடையாகாது என்று பிரகடனம் செய்தன.

ஆயினும் காலம் கடந்திருந்தது. 2003 இல்கூட, சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் சிகிச்சை பெற்றோர் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேரே. வன்கூவரில் கைதட்டல் ஒலித்து ஏழு ஆண்டுகள் சென்றிருந்தன. அதே சிகிச்சையின் இன்றைய வடிவம் நாளுக்கு ஒரு குளிசை. ஆண்டு முழுவதற்குமான அதன் விலை 45 டொலருக்கும் குறைவு என உலக நிதியம் 2023 இல் அறிவித்தது.

சென்னையும் ஒரு பெரும் ஆய்வும்

இவ்வரலாற்றில் தமிழ் மண்ணுக்கும் ஓர் இடமுண்டு. எயிட்ஸ் மேல்நாட்டு நோய், நம்மை அது அணுகாது என்று இந்தியா நம்பியிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவின் ஆய்வுக்கு இதனையே பொருளாகக் கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலில் ஈடுபட்டிருந்த பெண்களிடம் குருதி மாதிரிகளைச் சேகரித்து, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே பாதுகாத்து, ரயிலேறி வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்றார். 1986 இல் அங்கே சோதித்தபோது ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது இவ்வாறுதான் வெளிச்சத்துக்கு வந்தது.

1993 இல் சுனிதி சாலமன் தம் தந்தையின் பெயரால் சென்னையில் ஒரு சிகிச்சை ஆய்வு மையத்தை நிறுவினார். பின்னாளில் அம்மையம், ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரைக் கொண்டு நடத்தப்பட்ட பேராய்வொன்றில் பங்கேற்றது. ஒருவருக்குத் தொற்றிருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதியர் இவர்கள். தொற்றுள்ளவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் அவரது துணை காப்பாற்றப்படுவாரா என்பதே கேள்வி. 2011 மேயில் விடை வெளியாயிற்று. துணைவரிடமிருந்தே தொற்றியது என்று உறுதியான 28 பேரில் 27 பேர், மருந்து தாமதமாகக் கொடுக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர்கள். முன்கூட்டியே கொடுக்கப்பட்ட பிரிவில் ஒருவரே. மருந்து உண்பவரைக் காக்கும் மருந்து அவர் துணையையும் காக்கின்றது என்பது ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. பின்னர் ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகள் இதனை மேலும் தெளிவாக்கின. குருதியில் வைரசு கண்டறிய முடியாத நிலையில் உள்ள ஒருவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று ஏற்படுவதில்லை.

சுனிதி சாலமன் 2015 இல் மறைந்தார். இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது அவரது மறைவுக்குப் பின்னர் 2017 இல் அறிவிக்கப்பட்டது.

ஆண்டுக்கு இரண்டு ஊசி

இப்போது வந்துள்ள புதிய மருந்தின் பெயர் லெனகபவிர். முன்னைய மருந்துகளிற் பெரும்பாலானவை வைரசின் நொதியங்களைக் குறிவைத்தன. இதுவோ வைரசின் மரபுப்பொருளைப் பொதிந்து வைத்திருக்கும் கூம்பு வடிவான புரத உறையைப் பற்றிக்கொள்கின்றது. ஏறக்குறைய 1,500 புரத மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பொருந்தி அமைந்த உறை அது. கலத்துக்குள் மரபுப்பொருளைச் சுமந்து செல்லும்போது அது நெகிழ வேண்டும். புதிய வைரசு உருவாகும்போது மீண்டும் சரியாகப் பொருந்த வேண்டும். லெனகபவிர் அந்த நெகிழ்வையும் பொருத்தத்தையும் ஒருசேரக் குலைக்கின்றது. உறையின் அமைப்பைப் பற்றி அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ்லி சண்ட்குவிஸ்ட் போன்றோர் நெடுங்காலம் செய்த அடிப்படை ஆராய்ச்சியே இதற்கு வழி திறந்தது. தோலின் கீழ் ஏற்றப்படும் இம்மருந்து மெல்ல மெல்லக் கரைந்து ஆறு மாதங்களுக்கு உடலில் நின்று காக்கின்றது.

2024 இல் தென்னாபிரிக்காவிலும் உகண்டாவிலும் இளம் பெண்களிடையே நடந்த ஆய்வின் முடிவு விஞ்ஞானிகளையே திகைக்க வைத்தது. ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்கேனும் தொற்று ஏற்படவில்லை. நாள்தோறும் குளிசை உண்ணும் பழைய தடுப்பு முறைக்கு விடப்பட்ட 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்றியது. குளிசை வலுவற்றது என்பதல்ல இதன் பொருள். அதனை ஒழுங்காக உண்ண அப்பெண்களால் இயலவில்லை. குளிசைப் போத்தலை மாமியார் காண்பார், கணவர் ஐயுறுவார், அயலார் கதைப்பார் என்ற அச்சம் அவர்களுக்கு. ஆண்டில் இரு நாட்கள் மருந்தகம் சென்று வருவதை யாரும் அறியப்போவதில்லை.

கிலியட் நிறுவனத்தின் இம்மருந்தைத் தொற்றுத் தடுப்புக்காக அமெரிக்கா 2025 யூனில் அங்கீகரித்தது. அங்கு அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்கு 28,218 டொலர். பழைய கதை திரும்பவும் தொடங்குகிறதோ என்று அஞ்சத் தோன்றும். ஆனால் இம்முறை கதை சற்று மாறியிருக்கின்றது. அங்கீகாரத்துக்கு முன்பே, 2024 ஒக்டோபரில், வருமானம் குறைந்த 120 நாடுகளுக்கு மலிவாகச் செய்து கொடுக்க ஆறு நிறுவனங்களுக்குக் கிலியட் அனுமதி வழங்கியது. 2025 செப்டெம்பரில், டொக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ ஆகிய இந்திய நிறுவனங்கள் 2027 முதல் அந்நாடுகளுக்கு ஆண்டுக்கு 40 டொலருக்குத் தருவதாக உடன்பாடு கண்டன. அமெரிக்க விலையில் ஏறக்குறைய 700 இல் ஒரு பங்கு.

1996 இன் ஏழு ஆண்டுத் தாமதம் இம்முறை மூன்றாகச் சுருங்குமெனில், அது ஒக்டோபரில் முற்றுகையிட்டவர்களும் டேர்பனில் பேசிய சிறுவனும் பெற்றுத் தந்தது. எனினும் அந்த 120 நாடுகளின் பட்டியலில் பிறேசில், ஆர்ஜென்ரீனா, மெக்சிக்கோ, பெரு ஆகியன இல்லை. இந்நான்கு நாடுகளின் மக்களும் இம்மருந்தின் இரண்டாவது பேராய்வுக்குத் தம் உடலைக் கொடுத்தவர்கள். சோதனைக்கு ஏற்றவர்கள், மலிவு விலைக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற இந்த நிலைப்பாட்டுக்கு நியாயம் காண்பது கடினம்.

வேறொரு தடையும் எழுந்துள்ளது. 2025 சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியபோது, ஆபிரிக்காவின் பல இடங்களில் எச்.ஐ.வி. நிலையங்கள் மூடப்பட்டன. 40 டொலர் மருந்தாயினும் அதனைக் கொடுக்க ஒரு தாதியும் ஒரு கட்டடமும் வேண்டும். ஐக்கிய நாடுகளின் எயிட்ஸ் அமைப்புக் கணக்கின்படி, 2024 இல் தொற்றோடு வாழ்ந்தோர் 4 கோடியே 8 இலட்சம். சிகிச்சை பெற்றோர் 3 கோடியே 16 இலட்சம். புதிதாகத் தொற்றியோர் 13 இலட்சம். இறந்தோர் 6 இலட்சத்து 30 ஆயிரம். புதிய தொற்றுகளை நாட்கணக்கிற் பார்த்தால் நாளுக்கு ஏறக்குறைய 3,500 ஆகின்றது.

கைக்கெட்டாதவை

முழுக் குணம் இன்னும் கைகூடவில்லை. மருந்துகள் வைரசு பெருகுவதைத் தடுக்கின்றனவே தவிர, கலங்களின் மரபணுக்களோடு இணைந்து உறங்கிக் கிடக்கும் வைரசைத் தொடுவதில்லை. மருந்தை நிறுத்தினால் அது விழித்துக்கொள்ளும். பெர்லினில் சிகிச்சை பெற்ற திமோதி ரே பிரவுண் என்பவர் இதற்கு முதல் விதிவிலக்கு. அவரது குருதிப் புற்றுநோய்க்காக 2007 இலும் 2008 இலும் மாற்றுக் குருத்துக் கலங்கள் ஏற்றப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர், வைரசு நுழையும் வாயில்களுள் ஒன்று பிறப்பிலேயே அமையாதவர். பிரவுணின் உடலிலிருந்து எச்.ஐ.வி. முற்றாக மறைந்தது. அதன்பின் வேறு சிலரும் இவ்வாறு குணமடைந்துள்ளனர். ஆனால் உயிருக்கே ஆபத்தான இச்சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாத ஒருவருக்குச் செய்யத் துணிய முடியாது. நோயைத் தடுக்கும் தடுப்பூசியும் அவ்வாறே எட்டாமல் நிற்கின்றது. 2009 இல் தாய்லாந்து ஆய்வு 31 வீதப் பாதுகாப்பைக் காட்டியது. அதன்பின் 2020, 2021, 2023 ஆகிய ஆண்டுகளில் பெரிய ஆய்வுகள் மூன்று தோல்வியில் முடிந்தன.

நம் வாசலில்

இத்தனையும் எங்கோ நடப்பவை என்று பக்கத்தைப் புரட்டிவிட இயலாது. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடென்று இலங்கைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்றளித்தது. 1994 இல் கண்டறியப்பட்டது அங்குள்ள தாய்மார்களையும் சென்றடைந்துவிட்டது. கருவுற்ற பெண்கள் சோதனைக்கு உட்பட்டதனாலேயே அது கைகூடியது.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு விலையோ தூரமோ பெரிதும் தடையல்ல. இங்கிலாந்தில் 2012 ஒக்டோபர் முதல், வதிவிட அனுமதி இல்லாதவர்க்கும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசமாகவே வழங்கப்படுகின்றது. ஆய்வுகூடத்துக்கும் நோயாளிக்கும் இடையே நம்மவரிடம் எஞ்சியிருப்பது பேசத் தயங்கும் மனமே. கோயிலிலும் கலியாண வீட்டிலும் கதை அடிபடுமே என்றஞ்சிச் சோதனையைத் தள்ளிப் போடுகிறவர், வைரசுக்கு ஆண்டுகளைத் தானமாகக் கொடுக்கின்றார். ஆபிரிக்கப் பெண்ணுக்குக் குளிசைப் போத்தலை ஒளிக்க வைத்த அச்சமும் இதுவே. அகதி விண்ணப்பம் பாதிக்கப்படுமோ என்று அஞ்சுவோரும் உளர். வைத்தியருக்குத் தொழில் இரகசியம் உண்டு. நோயாளியின் இசைவின்றி அவர் பெறுபேற்றை மொழிபெயர்ப்பாளரின் ஊர்க்காரருக்கோ உறவினருக்கோ சொல்லக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் அறிந்தவராக இருந்தால் வேறொருவரைக் கேட்கலாம்.

தொற்று உரிய காலத்தில் அறியப்பட்டு மருந்து தொடங்கப்பட்டால், ஒருவர் ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழலாம், மணம் செய்யலாம், தொற்றில்லாத பிள்ளைகளைப் பெறலாம். இதற்கெல்லாம் முதற்படியாக அவர் கொடுக்க வேண்டியது ஒரு சிறு குழாய் அளவு குருதி.